98-ஆ, எக்ஸ்பியா? விழுப்புரம் டிடிபி கடைகளின் விண்டோஸ் வரலாறு

பழைய விண்டோஸ்களில் பிடித்தது எது என்று என் வயது மென்பொருள்காரர்களிடம் கேட்டால் எக்ஸ்பி என்பார்கள், இல்லாவிட்டால் 7. பச்சைப் புல்வெளி வால்பேப்பர், ஸ்டார்ட் பட்டன் என்று காரணமும் தயாராக இருக்கும். அதே கேள்வியை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்கிற டிடிபி கடைகளில் கேட்டுப் பார்த்தேன. அழகைப் பற்றி யாரும் பேசவில்லை. "98-ல தமிழ் அடிச்சா, அடிச்ச மாதிரியே வரும் சார்" என்றார் திண்டிவனத்துக்காரர் ஒருவர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

1998 ஜூனில் வந்த விண்டோஸ் 98-க்கு 16 எம்பி ரேம் போதும். ஆனால் தமிழ் என்றொரு மொழி இருப்பதே அதற்குத் தெரியாது. நாம் செய்தது ஒரு தந்திரம்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து ஓர் எழுத்துரு செய்துவிடுவது. பாமினி எழுத்துருவில் ஆங்கில 'எஃப்' இருக்கும் இடத்தில் 'க' உட்கார்ந்திருக்கும். 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் வெறும் குப்பை.

கடைக்காரர்களுக்கு இது ரொம்ப வசதி. அவர்களில் பலர் தட்டச்சுப் பயிலகத்தில் 'ய ள ன க' என்று விரல் பழகி வந்தவர்கள். டைப்ரைட்டரில் 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையும் கை அடிக்கும் வரிசையும் ஒன்றே. பாமினி வகை எழுத்துருக்களும் அப்படித்தான். "அடிச்ச மாதிரியே வரும்" என்றால் இதுதான்.

அடுத்து 2000 பிப்ரவரியில் வந்த விண்டோஸ் 2000. நம் ஊர்க் கடைகளில் இதை அதிகம் பார்க்க முடியாது. அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்டது, ரேமும் 64 எம்பி கேட்டது. ஆனால் தமிழைத் தமிழாகவே புரிந்துகொண்ட முதல் விண்டோஸ் இதுதான். இந்திய எழுத்துகளில் தேவநாகரிக்கும் தமிழுக்கும் மட்டும்தான் அதில் இடம் கிடைத்தது. தேவநாகரிக்கு மங்கள், தமிழுக்கு லதா. தெலுங்கும் கன்னடமும் எக்ஸ்பி வரைக்கும் காத்திருந்தன. மலையாளத்துக்கும் வங்காளத்துக்கும் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வர வேண்டியிருந்தது.

உள்ளே என்ன மாறியது? யூனிகோடில் 'க' என்பதற்கு 2965 என்று சொந்த எண் உண்டு. எந்த எழுத்துரு போட்டாலும் அது 'க'தான். 'கொ' என்பது 2965, 3018 என்று இரண்டே எண்கள். முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைக்கும் வேலையை யூனிஸ்கிரைப் என்ற பகுதி பார்த்துக்கொள்ளும். அதாவது, எழுத்தை எப்படி வரைவது என்ற அறிவு விரலிலிருந்து இயங்குதளத்துக்குப் போய்விட்டது.

2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி இந்த இரண்டு உலகத்தையும் ஒரே பெட்டியில் வைத்தது. யூனிகோட் தமிழும் உண்டு, ஆனால் தானாக வராது. ரீஜினல் செட்டிங்ஸில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தை டிக் செய்து, எக்ஸ்பி சிடியைப் போட வேண்டும். சிடி கையில் இல்லாதவர்களுக்குத் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தமிழ் தெரிந்தது. விஸ்டாவில்தான் இந்தத் தொல்லை போனது. அதுவோ 512 எம்பி ரேம் கேட்டது.

கடைகள் ஏன் யூனிகோடுக்கு மாறவில்லை? பழக்கம் ஒரு காரணம், பேஜ்மேக்கர் இன்னொன்று. 2001-ல் வந்த அதன் கடைசிப் பதிப்பான 7-க்குக்கூட யூனிகோட் தெரியாது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில் இந்திய எழுத்துகளுக்கு முறையான ஆதரவு கிடைத்தது 2012-ல், சிஎஸ்6 பதிப்பில்தான். தமிழக அரசு யூனிகோடைத் தரநிலையாக அறிவித்தது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அப்போதும் அச்சுக்கடைகள் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், பழைய எழுத்துரு என்றே ஓடின. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாளைக் காலை பத்திரிகை அடித்துக் கொடுக்க வேண்டியவருக்கு வேறு வழி எங்கே இருந்தது?

சரி, என் ஓட்டு யாருக்கு? கையில் பழகிய சுகத்துக்கு 98. இரண்டையும் இழுத்துக்கொண்டு 2014 ஏப்ரல் வரை ஆதரவோடு நின்ற உழைப்புக்கு எக்ஸ்பி. ஆனால் தமிழுக்கு எது நல்லது செய்தது என்று கேட்டால் யாரும் கொண்டாடாத 2000-தான். அதற்கு முன்னால் கணினியில் இருந்தது தமிழின் படம். தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது.

இது வெறும் பழங்கதை இல்லை. செஞ்சி, மரக்காணம், வானூர்ப் பக்கத்து ஊர்களின் சாவு, கல்யாணம், கூழ் வார்த்தல், தேர்தல் எல்லாமே இந்தக் கடைகளின் பழைய சிடிக்களில் இருக்கின்றன. உறவுமுறைகளும் ஊர்ப்பெயர்களும் இவ்வளவு விவரமாக வேறு எங்கே கிடைக்கும்? கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கை மாற்றும்போது எழுத்துரு தொலைந்தால் கோப்பு இருந்தும் வாசிக்க ஆள் இல்லை. பிடிஎஃப் ஆக்கிவிட்டால் போதும் என்பார்கள். பார்க்கலாம், ஆனால் அதிலிருந்து காப்பி எடுத்தால் அதே எம், கே, அரைப்புள்ளிதான் வரும்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை. நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, கொம்பை மெய்க்குப் பின்னால் தள்ளும் சின்னப் பைத்தான் நிரல் போதும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மனிதக் கண் வேண்டும். பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் வலப்பாதிக்கும் 'ள'வையே போட்டார்கள். அதனால் 'கௌரி' மாறும்போது 'கெளரி' ஆகிவிடும். இணையத்தில் இன்றும் பார்க்கிற பல 'பெளர்ணமி'கள் இந்த வம்சம்தான்.

உங்கள் வீட்டிலோ தெரிந்த கடையிலோ இப்படிப்பட்ட சிடி இருந்தால், கோப்போடு எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். எந்தக் கோப்புக்கு எந்த எழுத்துரு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாற்றுவதைப் பிறகுகூடச் செய்துகொள்ளலாம், எழுத்துரு போய்விட்டால் அதுவும் கஷ்டம்.