தொறுவுக்குக் கல் உண்டு, சேரிக்கு?

போன மாதம் மாணவத் தோழர்கள் மூன்று பேரோடு கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே இரண்டு நாள் சுற்றினேன். சிப்காட் கம்பெனி பஸ்கள் ஓடும் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்கினால் போதும், ஏரிக்கரையில், வரப்போரத்தில், புளியமரத்தடியில் கற்கள் நிற்கின்றன. ஒரு கையில் வில்லோ வாளோ ஏந்திய ஆள், உடம்பில் தைத்த அம்புகள், காலடியில் மாடுகள். மக்கள் இவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். ஓசூர்ப் பக்கம் வீரகல்லு. நாங்கள் பார்த்த ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடக்க, அதன்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. அவரைக் குறை சொல்லவில்லை. கல்லை அப்படிப் போட்டு வைத்தது அவர் அல்லவே.

எல்லாம் மாட்டுச் சண்டையில் செத்தவர்களின் கற்கள். கல்வெட்டு மொழியில் மாட்டு மந்தைக்குத் தொறு என்று பெயர். தொறு கொள்வது ஒரு சாரார் வேலை, மீட்பது மறு சாரார் வேலை. நடுவில் செத்தவனுக்குக் கல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழிக் கற்களில் ஒன்றும் ஆநிரைப் பூசலில் மாண்டவனுக்கானதே. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழைய வழக்கம் இது. கங்கர், பாணர், நுளம்பர், பல்லவர் என்று பேரரசுகளின் ஓரங்கள் உரசிக்கொண்ட நிலம் இது. அரசர்கள் மோதினார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். கற்களைப் படித்தால் செத்தவர்கள் பெரும்பாலும் சேவகர்கள், யாரோ ஒரு தலைவனின் ஆட்கள். ஓசூர் சாலையை ஒட்டிய பேகூரில் ஏறக்குறைய பொ.ஆ. 900ஐச் சேர்ந்த கல் ஒன்று 'பெங்களூர்ச் சண்டை' பற்றிச் சொல்கிறது. அந்த நகரத்தின் பெயர் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. அதிலும் செத்தது நாகத்தரன் என்ற தலைவனின் ஆள்.

செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊர். அங்கே மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். அதையும் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கல் பிடிக்கும். ஆனால் அதைப் பற்றிச் சொன்னதும் கூட வந்த தோழர் ஒருவர் கேட்டார்: "நாய்க்குப் பெயர் இருக்குது அண்ணா. மடை திறந்தவனுக்கு?" ஏரி மடையைத் திறந்து, கரையைக் காத்து, வெள்ளத்தில் இறங்கியது பல ஊர்களில் நம் சேரி ஆட்கள். நாங்கள் போன கரைகளில் அப்படி ஒரு கல்லைக்கூடக் காணவில்லை.

இன்னொன்று. இந்தக் கற்கள் இரு தரப்பின் சண்டையைச் சொல்பவை. இருவரிடமும் ஆயுதம் இருந்தது. இன்று நாளிதழ்களும் அதே சொல்லைத்தான் எடுக்கின்றன: 'இரு பிரிவினர் மோதல்'. 2012 நவம்பர் 7 அன்று பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. எதிர்த்தரப்பில் எரிந்த தெரு எது? ஒரு சாதி தாக்கி மற்றொன்று ஓடி ஒளிந்ததை மோதல் என்று எழுதுவது பொய். தொறுப்பூசல் காலத்துச் சொல்லைத் தூக்கிச் சாதி வெறிமேல் போர்த்துவது அது.

இதையும் யோசியுங்கள் தோழர்களே. 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் கோரேகான் தூணுக்குப் போனார். 1818 போரில் மாண்டவர்களின் பெயர் பொறித்த தூண் அது. அதில் மகர் வீரர்களின் பெயர்கள் உண்டு. நம்மவர் பெயர் கல்லில் இருக்கிறது என்று காட்டப் போனார். அதே ஆண்டு மார்ச் 20இல் மகாட் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். அங்கும் பின்னர் நடந்தது மோதல் அல்ல, மாநாட்டுக்கு வந்தவர்கள்மேல் தாக்குதல். கல்லையும் குளத்தையும் ஒரே ஆண்டில் அவர் தொட்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஓசூருக்குத் திரும்பும்போது 2018 நவம்பர் பற்றிப் பேச்சு வந்தது. ஓசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் தலித் இளைஞரையும் அவர் காதலித்து மணந்த பெண்ணையும் கொன்று, எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் கர்நாடகத்தில் காவிரியில் வீசினார்கள். பெண்ணின் தந்தையும் உறவினர்களும் கைதானார்கள். உடல் மண்டியா மாவட்டத்தில் கரை ஒதுங்கியபோது ஆள் யார் என்று அந்த மாநிலப் போலீசுக்குத் தெரியவில்லை. இளைஞர் போட்டிருந்த டி-ஷர்ட்டில் அம்பேத்கர் படம், ஜெய்பீம் என்ற எழுத்து, கூடவே அவருடைய ஊரின் பெயர். அதை வைத்துத்தான் ஊரைக் கண்டுபிடித்தார்கள்.

பஸ்ஸில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. சூளகிரி தாண்டியதும் அந்தத் தோழர் தன் நோட்டை எடுத்து, துவைகல்லில் தான் படித்த நான்கு எழுத்துகளை மறுபடி எழுதிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு சுண்ணாம்புப் பொடியும் தாளும் கொண்டு போகிறோம். அந்த அம்மாவிடம் முதலில் கேட்டுவிட்டு.