டங்கன்: மொழி தெரியாத இயக்கம்

எளாவூர் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து நான் பார்த்த முதல் படம் ‘மந்திரி குமாரி’. ஏரியில் வலை போடுகிற எங்கள் ஜனங்கள் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுகிறவர்கள். வசனம் வந்தால் மட்டும் கொட்டகையே சுத்தத் தமிழில் வாயசைக்கும். “இத எடுத்தவன் வெள்ளக்காரன்டா, அவனுக்குத் தமிழே தெரியாது” என்றார் பெரியப்பா. நான் நம்பவில்லை.

எல்லிஸ் ஆர். டங்கன் 1909இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பார்ட்டன் என்ற ஊரில் பிறந்தவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். உடன் படித்த மாணிக் லால் டாண்டனோடு 1935இல் இந்தியா வந்தார். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. டாண்டன் அப்போது கல்கத்தாவில் கே.பி. சுந்தராம்பாளை வைத்து ‘நந்தனார்’ எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துத் தமிழ்ப் பேசும்படங்கள் பலவும் கல்கத்தா ஸ்டுடியோக்களில் உருவானவையே. அங்கிருந்து சென்னைக்கு ரயிலேறிய நடிகர்கள் எல்லோரும் எங்கள் ஸ்டேஷனைக் கடந்துதான் போயிருப்பார்கள். வண்டி நின்றிருக்காது, அது வேறு விஷயம்.

டங்கன் தனியாக இயக்கிய முதல் படம் ‘சதி லீலாவதி’ (1936). கதை எஸ்.எஸ். வாசனுடையது. எம்.ஜி.ஆர். திரையில் தோன்றிய முதல் படமும் அதுதான். நாடக மேடைக்கு எதிரே காமிராவை நட்டுவைத்துப் பாட்டுகளைப் பதிந்துகொண்டிருந்த காலத்தில், காமிராவை நகர்த்தினார், முகத்துக்கு அருகே கொண்டுபோனார் என்று சினிமா வரலாறுகள் அவரைக் கொண்டாடுகின்றன. இந்தக் கதையாடலில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வெள்ளைக்கார குரு வந்து ‘சுதேசி’களுக்குக் கண் திறந்துவிட்டார் என்பது காலனிய மனத்துக்கு ரொம்பச் சௌகரியமான கதை. ‘தமிழ் தெரியாதவன் என்னத்தக் கிழிச்சிருப்பான்’ என்று அவரை ஒதுக்குவதும் அதே சோம்பேறித்தனம்தான்.

அவருக்கு மொழி தெரியாமல் போனது என்ன செய்தது என்று கேட்டால் வேறொன்று தெரிகிறது. ஆங்கிலத்தில் பெயர்த்த பிரதியை வைத்துக்கொண்டு, உதவியாளர்கள் வழியாகவே அவர் நடிகர்களை இயக்கினார். பிம்பம் அவர் பொறுப்பு. சொல்லை இன்னொருவரிடம் விட்டாக வேண்டும். ‘அம்பிகாபதி’ (1937) படத்தில் அந்த இன்னொருவர் இளங்கோவன். ‘ரோமியோ ஜூலியட்’டைக் காட்டி, காதல் காட்சிகள் இப்படி அமைய வேண்டும் என்று டங்கன் அவரிடம் சொன்னதாகச் சொல்வார்கள். வசனகர்த்தா என்ற தனி ஆகிருதி தமிழ் சினிமாவில் எழுந்து நின்றது அங்கேதான். டங்கனின் மௌனம் விட்டுவைத்த காலியிடத்தில் அது முளைத்தது என்றே நான் வாசிக்கிறேன்.

‘மீரா’வில் (1945) பிம்பத்துக்கு அவர் கொடுத்த கவனம் உச்சம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகத்தை பிளாஸ்டர் சிலையாக வார்த்து, எந்தக் கோணத்தில் விளக்கு வைக்கலாம் என்று ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு பரிசோதித்தாராம். பேசாத ஒரு முகத்தின் முன்னால் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை.

1950இல் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக ‘பொன்முடி’யும் ‘மந்திரி குமாரி’யும். இரண்டாவதை முடிக்காமலே அவர் அமெரிக்காவுக்குக் கிளம்ப, மிச்சத்தை டி.ஆர். சுந்தரம் எடுத்து முடித்தார். அந்தப் படத்தில் ஜெயித்தது மு. கருணாநிதியின் வசனம். சொல் பிம்பத்தைப் பின்னுக்குத் தள்ளி, பிறகு மேடையேறி, கோட்டைக்கும் போனது. டங்கன் 2001இல் அமெரிக்காவில் இறந்தார்.

பெரியப்பாவுக்கும் அவர் பெயர் தெரியாது, ‘வெள்ளக்காரன்’ அவ்வளவுதான். வசனம் எழுதியவர் பெயர் அன்று கொட்டகை முழுக்கத் தெரிந்திருந்தது.