இட்டாஸ்கா: ஒரு வாக்கில் பிழைத்த ஏரிக்கரை

1891 ஏப்ரல் 20 அன்று, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சட்டமன்றம் இட்டாஸ்கா ஏரியையும் அதைச் சூழ்ந்த பைன் காட்டையும் மாநிலப் பூங்காவாக அறிவித்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அந்தச் சட்டம் தேறியது. மாநிலத்தின் முதல் பூங்கா அது. நாட்டின் மிகப் பழைய மாநிலப் பூங்காக்களிலும் ஒன்று. இன்று சுமார் 32,000 ஏக்கர் பரப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட சிறிதும் பெரிதுமான ஏரிகள், ஆண்டுக்கு 5 லட்சம் பேரளவில் வந்து போகும் மக்கள் என்று அது செழித்து நிற்பதைப் பார்க்கிறவர்களுக்கு, தொடக்கத்தில் அதன் நிலை எவ்வளவு நூலிழையில் தொங்கியது என்பது தெரிய வழியில்லை.

மிசிசிப்பி ஆறு இந்த ஏரியிலிருந்துதான் புறப்படுகிறது. ஓஜிப்வே மக்களுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த செய்தி. 1832 ஜூலையில் ஆய்வுப் பயணி ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் இங்கு வந்து சேர்ந்ததும் ஓசாவிந்திப் என்ற ஓஜிப்வே தலைவர் வழிகாட்டியதால்தான். ‘ஆற்றின் மூலத்தைக் கண்டவர்’ என்ற பெயர் மட்டும் ஸ்கூல்கிராஃப்ட்டுக்குப் போயிற்று. பூங்காவின் வரலாற்றை எழுதும்போது ஓசாவிந்திப்பின் பெயரை முன்னால் வைப்பதே முறை என்று நினைக்கிறேன்.

1881இல் வில்லார்ட் கிளேசியர் என்பவர், பக்கத்திலுள்ள எல்க் ஏரிதான் உண்மையான மூலம் என்று கிளப்பிவிட்டார். அந்த வழக்கைத் தீர்க்க, மின்னசோட்டா வரலாற்றுச் சங்கத்தின் சார்பில் 1888இல் வந்தவர் ஜேக்கப் பிரவுவர். நிலத்தை அளந்து, ஏரிகளையும் ஓடைகளையும் ஒவ்வொன்றாகக் குறித்து, இட்டாஸ்காவின் பக்கமே தீர்ப்பைச் சொன்னார். அளக்க வந்த இடத்தில் அவர் கண்ணில் பட்டது இன்னொன்று. அண்ணாந்து பார்க்க வைக்கும் முதிர்ந்த பைன் மரங்கள். அவற்றை நோக்கி நெருங்கிக்கொண்டிருந்த மரவெட்டுக் கம்பெனிகள். அளவை வேலை முடிந்ததும் அவர் ஒதுங்கிவிடவில்லை. பூங்கா வேண்டும் என்று வாதாடி, சட்டம் வந்ததும் அதன் முதல் ஆணையராகப் பொறுப்பேற்றார். 1905இல் இறக்கும்வரை இந்தக் கரையின் நினைவாகவே இருந்தார்.

ஆனால் சட்டம் காகிதத்தில் இருந்தது. நிலத்தில் பெரும்பங்கு கம்பெனிகளின் கையில் இருந்தது. பூங்கா என்று பெயர் வைத்த பிறகும் ஏறத்தாழ 30 ஆண்டுகள் எல்லைக்குள்ளேயே மரம் விழுந்தது. வெட்டிய மரங்களை நீரில் மிதக்கவிட்டுக் கொண்டுபோக, ஏரியின் வாயில் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். நீர் ஏறி, கரையோர மரங்களின் வேர் மூழ்கி, அவை நின்ற நிலையில் பட்டுப்போகத் தொடங்கின.

இந்த இடத்தில்தான் மேரி கிப்ஸ் வருகிறார். ஆணையராக இருந்த அவருடைய தந்தை 1903இல் இறந்துபோக, அந்தப் பொறுப்பு 24 வயது மகளிடம் வந்தது. அந்நாட்டில் ஒரு பூங்காவுக்கு ஆணையரான முதல் பெண்ணாக அவரைச் சொல்கிறார்கள். மதகைத் திறந்து ஏரியின் நீர்மட்டத்தை இறக்கச் சொல்லி அவர் கேட்டார்; கம்பெனி ஆட்கள் மசியவில்லை. அவரே அணைக்குப் போனார். மதகில் கை வைத்தால் சுடுவேன் என்று துப்பாக்கியோடு ஓர் ஆள் நின்றான். அவர் பின்வாங்கவில்லை. வாக்குரிமைகூட இல்லாத காலத்துப் பெண், காட்டின் நடுவில், ஓர் அரசு ஆணையை மட்டும் துணையாகக் கொண்டு நின்றார். பதவியில் அவர் இருந்தது சில மாதங்களே. ஆற்றின் மூலத்தருகே உள்ள வரவேற்பு மையத்துக்கு இன்று அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பூங்காவில் மிகப் பொருத்தமாக வைத்த பெயர் அதுவே என்பேன்.

அதே காலத்தில், மரக்கட்டைகளால் ஆன டக்ளஸ் லாட்ஜ் எழும்பி 1905இல் முடிந்தது. தெற்குக் கரையில் ஏரியைப் பார்த்து நிற்கும் அந்த விடுதியில் இன்றும் அறை எடுத்துத் தங்கலாம். 1909இல் மின்னசோட்டா பல்கலைக்கழகம் வனவியல் பாடத்துக்காக ஏரிக்கரையில் ஒரு நிலையம் தொடங்கியது. பூங்காவின் நல்லது கெட்டதுகளை ஆண்டாண்டாகக் கூர்ந்து கவனிக்க ஒரு கூட்டம் அங்கேயே இருந்தது பெரிய பாக்கியம்.

பூங்காவின் இன்றைய முகத்தை வடித்தவர்கள், 1930களின் பொருளாதாரச் சரிவில் வேலையில்லாமல் தவித்த இளைஞர்கள். அதிபர் ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய குடிமக்கள் பாதுகாப்புப் படையில் மாதச் சம்பளம் 30 டாலர்; அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைகள் இங்கே முகாமிட்டுச் சாலை போட்டார்கள், பாதை வெட்டினார்கள், குடில்கள் கட்டினார்கள். 1934இல் எழுந்த ‘ஓல்டு டைமர்ஸ் கேபின்’ எப்படிப்பட்ட காடு இது என்பதைச் சொல்லாமல் சொல்லும்: நான்கே கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதில் சுவரின் முழு உயரமும் வந்துவிட்டது. கல்லும் மரமும் கலந்து கட்டிய ‘ஃபாரஸ்ட் இன்’ மண்டபமும் அந்தக் காலத்து உழைப்புதான்.

அவர்கள் செய்த இன்னொரு வேலை பலருக்கும் வியப்பைத் தரும். ஏரி நீர் ஆறாக வெளியேறும் இடம் முன்பு சேறும் சதுப்புமாகக் கிடந்தது. அங்கே மண் கொட்டி மேடாக்கி, ஆற்றுக்குப் புதிதாக வாய்க்கால் திருத்தி, நீர்மட்டம் காக்கச் சிறிய கான்கிரீட் தடுப்பு வைத்து, அதன்மேல் பாறைகளை வரிசையாகப் போட்டார்கள். நம் ஊர் ஏரிக் கலிங்கு போலத் தண்ணீர் அந்தப் பாறைகளின் இடுக்கில் சலசலத்து வழிய, குழந்தைகள் கல்லுக்குக் கல் தாவி மிசிசிப்பியைக் கடக்கிறார்கள். முழங்காலளவு நீர்தான். கடல்மட்டத்திலிருந்து 1,475 அடி உயரத்தில் தொடங்கி 2,552 மைல் ஓடி மெக்சிகோ வளைகுடாவில் சேரும் என்று அருகில் ஒரு கம்பம் சொல்கிறது. கைபட்டுத் திருத்திய இடம் என்பதால் அதன் மதிப்பு குறைந்ததாக நான் கருதவில்லை. லட்சக்கணக்கானோர் சதுப்பை மிதித்துச் சிதைக்காமல் ஆற்றின் பிறப்பிடத்தில் கால் நனைக்க முடிவது அந்த இளைஞர்களின் உபயம்.

மரவெட்டு நின்றபின் வேறொரு சிக்கல் முளைத்தது. பூங்காவில் வேட்டையைத் தடுத்ததால் மான்கள் பெருகி, பைன் கன்றுகளைத் தலை தூக்கவிடாமல் மேய்ந்தன. காட்டுத்தீயையும் அடியோடு அணைத்துவந்தார்கள். செம்பைன் விதை ஊன்ற, தீ சுத்தம் செய்த வெற்று மண் வேண்டும். ‘பிரீச்சர்ஸ் குரோவ்’ தோப்பில் வானளாவி நிற்கும் செம்பைன்கள் 250 ஆண்டுகளைத் தாண்டியவை, ஒரு பழைய தீக்குப் பின் முளைத்தவை. அவற்றின் நிழலில் வாரிசுகள் இல்லை. அதனால் 1940களில் மான் வேட்டையை மீண்டும் அனுமதித்தார்கள். பின்னாளில் திட்டமிட்டுத் தீ மூட்டும் முறையும் வந்தது. மான் கடிக்காதிருக்க, இலையுதிர் காலத்தில் வெண்பைன் கன்றுகளின் நுனிக்குருத்தில் காகிதத் துண்டைச் சுற்றிப் பின் அடித்துவிடுகிறார்கள். ஆயிரமாயிரம் கன்றுகளுக்கு, ஒவ்வொன்றாய், கையால்.

வருகிறவர்களுக்கு வசதிகள் நிறைய. பேர் பா, பைன் ரிட்ஜ் முகாம்களில் கூடாரம் அடிக்கலாம். படகு, கனூ, சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். நீந்த ஒரு மணற்கரை, மீன் பிடிக்கத் துறை, ஏரியைச் சுற்றிக்காட்டும் பெரிய படகு, பனிக்காலத்தில் ஸ்கீ பாதைகள் என்று எல்லாம் உண்டு. அவசரமாக வருவோர் ஆற்றின் வாயில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு நாளாவது தங்கி, 10 மைல் நீளமுள்ள ஒருவழி ‘வைல்டர்னஸ் டிரைவ்’ சாலையில் மெதுவாகப் போய், ஐட்டன் ஹைட்ஸ் தீக்கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிப் பாருங்கள். 100 அடி உயரத்திலிருந்து பார்க்கும்போது, பிரவுவர் எதற்காக வாதாடினார் என்பது கண்ணெதிரே விரியும். வெளியே வரும் வழியில் சாலையோரக் கன்றுகளில் காகிதத் தொப்பி தெரிந்தால் தொடாதீர்கள். வசந்தம் வரைக்கும் அது அங்கேயே இருக்க வேண்டும்.