சதுரங்கப்பட்டினத்துக் கடலில் போர் வரிசை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம். துணி வணிகத்துக்காக வந்த டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை இன்னும் அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. ஐரோப்பியர் வாயில் அந்த ஊர் 'சட்ராஸ்'. கடற்போர் வரலாறு எழுதுபவர் எவரும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

பேட்டில்ஷிப் என்றதும் இரும்புக் கவசம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல் பிறந்த காலத்தில் கப்பலுக்கு ஏது கவசம்? எல்லாம் மரம். 'லைன் ஆஃப் பேட்டில் ஷிப்', அதாவது போர் வரிசையில் நிற்கத் தகுந்த கப்பல் என்பதன் சுருக்கமே அது. பீரங்கிகள் கப்பலின் இரு பக்கவாட்டிலும் அடுக்கடுக்காக இருந்தன. முன்னாலும் பின்னாலும் பேருக்குச் சில. ஆகவே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி, எதிரிக்குப் பக்கவாட்டைக் காட்டிச் சுட்டன. வரிசையில் ஒரு நோஞ்சான் இருந்தாலும் எதிரி அங்கேதான் புகுவான். அதனால் பீரங்கிகளை எண்ணித் தரம் பிரித்தார்கள்.

அந்த வரிசையை நம் கடலிலேயே பார்க்கலாம். 1780இல் பொள்ளிலூரில் ஹைதர் அலி கம்பெனிப் படையை நொறுக்கினார். காஞ்சிபுரத்தில் இருந்த கம்பெனித் தளபதி மன்றோ செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஹைதருக்குத் துணையாகத் துருப்புகளோடு வந்து சேர்ந்தது சுஃப்ரனின் பிரெஞ்சுக் கடற்படை. எதிரே எட்வர்ட் ஹியூஸின் ஒன்பது ஆங்கிலக் கப்பல்கள். இரு தளபதிகளின் கப்பல்களும் 74 பீரங்கிகள் கொண்டவை.

1782 பிப்ரவரி 17, பிற்பகல். வரிசைக்கு வரிசை நேராக மோதுவதுதான் அன்றைய மரபு. சுஃப்ரன் அதை மீறினார். காற்று தனக்குச் சாதகமாக இருக்க, ஹியூஸின் வரிசையில் பின்பாதியை மட்டும் குறிவைத்துப் பாய்ந்தார். முன்னே போய்விட்ட ஆங்கிலக் கப்பல்களால் எதிர்காற்றில் திரும்பி வந்து உதவ முடியவில்லை. கடைசியில் நின்ற 'எக்ஸெட்டர்' சின்னாபின்னமானது. அதன் கேப்டன் இறந்தார். ஹியூஸின் 'சூப்பர்ப்' கப்பலுக்கும் பலத்த அடி. ஆனால் சுஃப்ரனின் கேப்டன்கள் சிலர் நெருங்கி வராமல் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். இருட்டும் நேரத்தில் காற்றும் திசை மாறியது. என் கணிப்பில், கைக்கு வந்த வெற்றியைச் சுஃப்ரன் இழந்தது பகைவரால் அல்ல, சொந்த ஆட்களால்தான்.

கவசம் பின்னால் வந்த கதை. 1860இல் நீரில் இறங்கிய பிரிட்டனின் 'வாரியர்' கப்பலுக்கு நாலரை அங்குல இரும்புத் தகடு. அதற்கு முட்டுக்கொடுத்தது 18 அங்குலத் தேக்கு. 1906இல் 'ட்ரெட்நாட்' வந்தபோது பக்கவாட்டுக் கவசம் 11 அங்குல எஃகாகிவிட்டது. பழைய பெயர் மட்டும் மாறவில்லை.

சட்ராஸில் அடிபட்ட கப்பல்களைப் பழுதுபார்க்க ஹியூஸ் திருகோணமலைக்குப் போனார். அந்த இடைவெளியில் சுஃப்ரன் பரங்கிப்பேட்டையில் துருப்புகளை இறக்கினார். ஏப்ரல் தொடக்கத்தில் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. அதே மாதம் 12ஆம் தேதி, இலங்கைக் கரையோரம் இருவரும் மறுபடி மோதினார்கள்.

(தொடரும்)