எங்க ஊருக்கு ஊசி வந்த கதை

போன வாரம் களத்துல உக்காந்து மல்லாட்டை ஆஞ்சிக்கிட்டு இருந்தோம். எங்கம்மா கையைத் தூக்கினப்போ ரவிக்கை மேல ஏறி, தோளுக்குக் கீழ இருக்கிற ரெண்டு தழும்பு தெரிஞ்சது. பழைய நாலணா அளவுக்கு வட்டமா, குழிஞ்சு இருக்கும். என் பேத்தி தொட்டுப் பாத்துட்டு, "இது என்னா ஆயா, சூடு வச்சாங்களா?"ன்னு கேட்டா. "அம்மை குத்தினது கண்ணு"ன்னாங்க எங்கம்மா.

அந்தத் தழும்புல இருந்து எங்க ஊரு ஊசிக் கதையை எழுதிடலாம்னு தோணுச்சு. எங்க ஊரு போளூர் பக்கம். மானாவாரி பூமி, ஒரு ஏரி, ஊரு தனி, காலனி தனி. பழைய வட ஆற்காடு மாவட்டம்.

அந்தக் காலத்துல பெரியம்மையை யாரும் நோய்னு சொல்ல மாட்டாங்க. "ஆத்தா வந்திருக்கா"ன்னுதான் சொல்லுவாங்க. வாசல்ல வேப்பிலை சொருகி இருந்தா அந்த வீட்டுக்கு யாரும் போகக் கூடாது. ஆத்தா வர்றதைத் தடுக்கிறேன்னு ஒருத்தன் வந்தா சனங்க எப்படி ஒத்துக்குவாங்க? அதுக்கு மேல மருந்தைப் பத்தியும் சந்தேகம். கிண்டியில 1899-ல தொடங்கின கிங் இன்ஸ்டிடியூட்லதான் கன்னுக்குட்டி தோல்ல இருந்து அம்மைப்பால் எடுத்தாங்க. கன்னுக்குட்டி சமாச்சாரத்தை நம்ம கையில வைக்கிறாங்கன்னு ஊருல ஒரே பேச்சாம்.

வலியும் சாமானியப்பட்ட வலி இல்லை. பேனா மாதிரி ஒரு கருவி, நுனியில வட்டமா சின்னச் சின்ன பல்லு இருக்கும். தோல்ல மருந்தை வச்சு, அந்தக் கருவியை அழுத்தித் திருகுவாங்க. புண்ணு ஆற நாளாகும். ரெண்டு முனை ஊசி எல்லாம் 1960-கள் கடைசியிலதான் வந்தது.

அம்மை குத்துறவர் வர்றப்போ மணியக்காரரும் தலையாரியும் கூட வருவாங்க. சேதி தெரிஞ்சதும் புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு கொல்லிக்கு ஓடிடுவாங்க. எங்கம்மாவை எங்க பாட்டி தொம்பைக்குள்ள இறக்கி ஒளிச்சு வச்சிருக்காங்க. தலையாரி கண்டுபிடிச்சு வெளியில இழுத்து, ஒருத்தர் காலைப் புடிக்க, ஒருத்தர் கையைப் புடிக்க, குத்திட்டாங்க. காலனிக்காரங்களை ஊர் எல்லையில வரிசையா நிக்க வச்சு கடைசியா குத்தினாங்களாம்.

அந்த ஊசி வேலை செஞ்சது, அதை மறுக்க முடியாது. 1975-க்கு அப்புறம் இந்தியாவுல பெரியம்மை இல்லை. 1980-ல உலகத்துலேயே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சுது. ஆனா புடிச்சு வச்சுக் குத்தினதால வியாதி போச்சே தவிர பயம் போகலை. அம்மாவுக்கு இன்னிக்கும் காக்கிச் சட்டையைப் பாத்தா வயித்தைக் கலக்கும்.

பயப்பட்டது பட்டிக்காட்டுக்காரங்க மட்டும்தான்னு நினைக்காதீங்க. டிபி வராம இருக்க பிசிஜி ஊசி போட ஆரம்பிச்சப்போ, 1955-ல அதை எதிர்த்து எழுதினவர் ராஜாஜி. அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும் சென்னை மாகாண முதலமைச்சரா இருந்தவர். படிச்சவங்களுக்கும் சந்தேகம் வரும்.

எங்க அத்தை மகன் 1973-ல பொறந்தான். ரெண்டு வயசுல நாலு நாள் காய்ச்சல், அப்புறம் வலது கால் துவண்டு போச்சு. இளம்பிள்ளை வாதம். மத்திய அரசோட தடுப்பூசித் திட்டம் வந்ததே 1978-ல. சொட்டு மருந்துன்னு ஒண்ணு இருக்கிறதே எங்க ஊருக்குத் தெரியாது. அவன் இப்போ டெய்லர் கடை வச்சிருக்கான். ஒத்தைக் கால்ல மிஷின் மிதிக்கிறான்.

ஊசி மேல எங்க ஊருக்கு நம்பிக்கை வந்தது ஒரு நர்சம்மாவாலதான். 1990-கள்ல துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாங்க. தமிழ்நாட்டுல புதன்கிழமைன்னா தடுப்பூசி நாள். ஐஸ் கட்டி வச்ச பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ஸை விட்டு இறங்கி, ஊருக்குள்ள இருந்த பால்வாடியில உக்காருவாங்க. ஊர்ப் பொம்பளைங்க வருவாங்க. காலனிப் பொம்பளைங்க வர மாட்டாங்க. "எத்தனை தடவை சொன்னாலும் அதுங்களுக்குப் புரியாது"ன்னு எங்க தெருவுல பேசுவோம். நானும்தான் பேசினேன்.

நர்சம்மா பேசலை, போய்ப் பாத்தாங்க. காலனிப் பொம்பளைங்க அவங்களையே கேட்டாங்களாம்: "உங்க பால்வாடி திண்ணையில எங்களை உக்கார விடுவாங்களாம்மா?" அடுத்த வாரத்துல இருந்து ஒரு புதன் ஊர்ல, ஒரு புதன் காலனியில வேப்பமரத்தடின்னு மாத்திட்டாங்க. ஊர்ல ஒரு புள்ளைக்கு ஊசி நாள் தவறிப் போனா, அடுத்த புதன் காலனிக்குத்தான் தூக்கிக்கிட்டுப் போகணும்.

கிட்ட வந்து கத்துனவங்க நிறைய பேர். நர்சம்மா சிரிச்சுக்கிட்டே, "பெட்டி ஒண்ணுதான், நானும் ஒருத்திதான்"னு சொல்லிட்டாங்க. என் பெரிய பொண்ணுக்கு மூணாவது தடவை ஊசி போட்டது அந்த வேப்பமரத்தடியில. அன்னிக்கு வரைக்கும் நான் காலனிக்குள்ள கால் வச்சது கூலிக்கு ஆள் கூப்பிட மட்டும்தான். அங்க ஒரு அம்மா என் பொண்ணை வாங்கி மடியில வச்சுக்கிட்டாங்க. எனக்கு வெக்கமா இருந்தது.

நர்சம்மா ஊசி போட்டுட்டுப் போயிட மாட்டாங்க. மறுநாள் காலையில சுத்தி வந்து, "காய்ச்சல் விட்டுச்சா?"ன்னு கேப்பாங்க. அம்மை குத்துறவர் குத்திட்டுப் போனா அடுத்த வருஷம்தான் வருவாரு. எங்களுக்கு ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

1995 டிசம்பர்ல நாடு முழுக்க போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கினாங்க. ஒரே நாள்ல எல்லாப் புள்ளைங்களுக்கும் சொட்டு மருந்து கொடுக்கிற இந்த முறையை அதுக்கு முன்னாடியே நம்ம வேலூர்ல சிஎம்சி டாக்டர் ஜேக்கப் ஜான் செஞ்சு காட்டினவர். பின்னாடி பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, பள்ளிக்கூடம், கோயில் வாசல்னு எங்க பாத்தாலும் மேசை போட்டாங்க. எங்க ஊர் மேசையில அத்தை மகன் காலை முதல் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தான். சுண்டு விரல்ல மை வைக்கிற வேலை. யாராவது தயங்கினா எழுந்து நாலடி நடப்பான், அவ்வளவுதான். 2011 ஜனவரிக்கு அப்புறம் இந்தியாவுல இயற்கையா பரவுற போலியோ இல்லை. 2014-ல சான்றும் கொடுத்தாங்க.

இவ்வளவும் பாத்தவன் நான். இருந்தும் 2021-ல தப்பு பண்ணினேன். ஏப்ரல் 1-ல இருந்து 45 வயசு தாண்டினவங்களுக்கு கொரோனா ஊசி. ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். ஏப்ரல் 15-ல நடிகர் விவேக் சனங்களுக்குத் தைரியம் வரணும்னு ஊசி போட்டுக்கிட்டார், 17-ல மாரடைப்புல இறந்துட்டார். அது ஊசியால இல்லைன்னு மத்திய அரசோட நிபுணர் குழு பின்னாடி சொல்லிச்சு. ஆனா செல்போன்ல வந்த வதந்தி அதுக்குள்ள ஊரைச் சுத்திடுச்சு. எங்க பெரியப்பா மகன் என்கிட்ட வந்து, "போடலாமாடா?"ன்னு கேட்டாரு. "ரெண்டு வாரம் பொறுண்ணா, பாத்துக்கிட்டுப் போடலாம்"னு நான்தான் சொன்னேன். மே மாசம் அண்ணன் போயிட்டாரு. அவரைக் கேட்டு நாலு பேரு காத்துக்கிட்டு இருந்தாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

ஊசி போட்டிருந்தா பொழைச்சிருப்பாரான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. நான் சொன்ன ரெண்டு வாரம் மட்டும் மனசுல இருக்கு.

அப்புறம் இப்போ இருக்கிற நர்சு, சின்னப் பொண்ணு, நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்கே பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. ஊசி போட்டுட்டு அரை மணி நேரம் எங்களோடவே கரையில உக்காந்துச்சு. முதல் கையை நீட்டினது காலனிக்காரங்க. அவங்களுக்குப் பின்னாடி வரிசையில நின்னவன் நான். செப்டம்பர் 12-ல தமிழ்நாடு முழுக்க 40,000 இடத்துல முகாம் போட்டு, ஒரே நாள்ல 28 லட்சத்துக்கும் மேல ஊசி போட்டாங்க. கறி தின்னா, தண்ணி போட்டா ஊசி கூடாதுன்னு சனங்க ஞாயித்துக்கிழமை தயங்குறாங்கன்னு தெரிஞ்சதும், முகாமை சனிக்கிழமைக்கு மாத்தினாங்க. அதைக் கேட்டுட்டு எங்கம்மா, "எங்க காலத்துல இப்படிக் கேட்டிருந்தா நான் ஏன் தொம்பைக்குள்ள போறேன்?"னாங்க.

பட்டணத்துல இருக்கிறவங்க, கிராமத்தான் ஊசிக்குப் பயப்படுறான்னு சுலபமா சொல்லிடுறீங்க. அடுத்த தடவை சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. ஊசியை எந்தத் தெருவுல வச்சுப் போடுறாங்க? போட்டவங்க மறுநாள் வந்து பாக்குறாங்களா?

மேற்கால கறுத்துக்கிட்டு வருது. ஆஞ்ச மல்லாட்டை களத்துல கிடக்கு, போய் மூடணும். அடுத்த வாரம் பாப்போம்.