கலப்பில்லாத ரத்தம்

"நம்ம ரத்தம் கலப்பில்லாதது" என்பார் என் தாத்தா. அமெரிக்காவிலிருந்து இரும்புலியூர் வந்திருந்த பேரன், தன் டிஎன்ஏ சோதனை முடிவைக் காட்டினான். பெரும்பகுதி "தென்னிந்தியா".

"தாத்தா சொன்னது சரிதான் போல" என்றேன். பேரன் சிரித்தான். உலக மக்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு அது. ஒப்பிட்டது இன்றைய தென்னிந்தியர்களோடு, அவர்களே கலந்தவர்கள்தானே!

2009-இல் ஹைதராபாத் சிசிஎம்பியின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் 25 இந்தியச் சமூகங்களை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றில் இரு தொல்குடிகளின் கலப்பு இருந்தது. அது சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றது 2013 ஆய்வு. சாதிக்குள்ளேயே மணம் என்பது இறுகியது அதன் பிறகுதான்.

பேரன் கட்டிக்கொள்ளப் போவது வேறு சாதிப் பெண்ணை. எனக்கிருந்த தயக்கம் அன்றோடு போயிற்று.