டிசப்பியர் (ஆங்கிலச் சொல்)

டிசப்பியர் என்பது மறைதல், இல்லாதொழிதல், காணாமற்போதல் ஆகிய பொருள்களைத் தரும் ஓர் ஆங்கில வினைச்சொல் ஆகும். இதன் பெயர்ச்சொல் வடிவம் டிசப்பியரன்ஸ் ஆகும். தானாக நிகழும் மறைவைக் குறித்து வந்த இச்சொல், 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருவரைப் பிறர் காணாமலாக்குவதைக் குறிக்கவும் பரவலாகப் பயன்படலாயிற்று.

சொற்பிறப்பு

"தோன்று" எனப் பொருள்படும் அப்பியர் என்னும் வினையுடன், எதிர்மறைப் பொருள் தரும் டிஸ் என்னும் முன்னொட்டு சேர்ந்து இச்சொல் உருவானது. இது 15ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் வழங்கி வருகிறது. ஏறத்தாழ இதே பொருளுடைய வேனிஷ் என்னும் சொல், "வெறுமையான" எனப் பொருள்படும் வானுஸ் என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வேனிஷ் பெரும்பாலும் திடீரென, தடயமின்றி மறைவதைக் குறிக்கும். டிசப்பியர் மெல்ல மறைவதற்கும் பொருந்தும்.

பொருள்கள்

1. பார்வையிலிருந்து மறைதல். எடுத்துக்காட்டு: நிலவு முகிலுக்குள் மறைதல்.
2. இல்லாதொழிதல். உயிரினம், மொழி, வழக்கம் முதலியன அழிவதை இது குறிக்கும்.
3. இருப்பிடம் அறியப்படாமற்போதல். 1937 ஜூலை 2 அன்று பசிபிக் பெருங்கடல் பகுதியில் வானோடி அமெலியா ஏர்ஹார்ட் காணாமற்போனதும், 2014 மார்ச் 8 அன்று 239 பேருடன் மலேசிய விமானம் எம்எச்370 காணாமற்போனதும் ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிக்கப்படுகின்றன.

இலக்கணம்

மரபான ஆங்கிலத்தில் இது செயப்படுபொருள் குன்றிய வினையாகும். அதாவது ஒருவர் மறையலாம். ஒருவரை இன்னொருவர் "மறைந்தார்" என்பது பிழை. எனினும் 1961இல் வெளிவந்த ஜோசப் ஹெல்லரின் கேட்ச்-22 என்னும் புதினத்தில் இது செயப்படுபொருளுடன் ஆளப்பட்டுள்ளது. இராணுவத்தினர் ஒருவரைக் காணாமலாக்கப் போவதாக அதில் கூறப்படுகிறது. அது சரியான இலக்கணமன்று என்று கதைமாந்தர் ஒருவரே சுட்டுகிறார்.

அரசியல், சட்டப் பயன்பாடு

அர்ச்சென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் ஏராளமானோர் கடத்தப்பட்டு, இரகசியத் தடுப்பு முகாம்களில் வைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களைக் குறித்த தெசாப்பரெசீதோ என்னும் எசுப்பானியச் சொல் உலகெங்கும் பரவியது. அவர்கள் உயிருடனும் இல்லை, இறக்கவும் இல்லை என்னும் பொருள்பட 1979இல் ஆட்சியாளர் விதேலா பேசினார். அவ்வாட்சி முடிந்தபின் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1984இல் 8,960 பேரைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் கூறும் எண்ணிக்கை 30,000 ஆகும். இந்நிகழ்வுகளையொட்டி ஆங்கிலத்திலும் செயப்பாட்டு வடிவம் வேரூன்றியது. அவ்வடிவம், மறைவைச் செய்தவர் ஒருவர் உண்டு என்பதை உணர்த்துகிறது.

ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற உடன்படிக்கையின்படி, அரச முகவர்களோ அரசின் ஒப்புதலுடன் இயங்குவோரோ ஒருவரது சுதந்திரத்தைப் பறித்து, அதனை மறுப்பதும் அவரது கதியை மறைப்பதும் இக்குற்றத்தின் கூறுகளாகும். இவ்வுடன்படிக்கை 2010 டிசம்பர் 23 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்ட் 30 காணாமலாக்கப்பட்டோருக்கான பன்னாட்டு நாளாகும்.

தமிழில் பெயர்த்தல்

இச்சொல்லுக்குத் தமிழில் ஒரே இணைச்சொல் பொருந்தாது. "மறைந்தார்" என்பது ஒருவரைக் குறிக்கும்போது "இறந்தார்" எனப் பொருள்படும். எனவே காணாமற்போனவரை அவ்வாறு குறிப்பது, உறுதி செய்யப்படாத இறப்பை உறுதி செய்வதாகிவிடும். செய்தித்தாள்களில் "மாயமானார்" என்னும் வழக்கு உண்டு. ஆங்கிலத்தில் பிழையெனப்பட்ட வேறுபாட்டைத் தமிழ் தன்வினை, பிறவினை என இயல்பாகவே காட்டுகிறது: மறைதல், மறைத்தல், காணாமற்போதல், காணாமலாக்குதல்.

இவ்வேறுபாடு இலங்கையில் நடைமுறை முக்கியத்துவம் உடையது. அந்நாடு 2016இல் மேற்குறித்த உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட அமைப்பு "காணாமற்போனோர் அலுவலகம்" என அறியப்படுகிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர்போராட்டம் தொடங்கிய உறவினர்களோ "வலிந்து காணாமலாக்கப்பட்டோர்" என்னும் தொடரையே ஆள்கின்றனர். முதல் தொடரில் செய்தவர் எவரும் சுட்டப்படவில்லை. இரண்டாம் தொடர், செய்தவர் யார் என்னும் வினாவைத் தன்னுள் கொண்டுள்ளது.